ஓட்டோவுக்குள் அடங்கிய கூடு

போன கிழமை ஷாமிலா கோல் எடுத்தாள். வெள்ளவத்தையில் நான் வேலை பார்த்த கிளினிக்கில், என் கதிரையில் இப்போது இருக்கும் இளம் மிருக வைத்தியர் அவள்.

“மெடம், சின்சில்லா ஒண்டு வந்திருக்கு. கூடு எத்தினை அடி இருக்கவேணும் எண்டு சொல்லுங்கோ. நான் ஓனருக்குச் சொல்லவேணும்.”

அடிக்கணக்கு வேண்டுமென்றால் கையிலிருக்கும் போனில் தட்டிப் பார், ஆயிரம் பேர் ஆயிரம் கணக்குச் சொல்லுவார்கள் என்று கடுகடுத்துவிட்டு வைத்துவிட்டேன். ஓய்வு எடுத்தால் எனக்குக் கொஞ்சம் பொறுமை வரும் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. பாவம், அவள் கேட்டதில் பிழை ஒன்றுமில்லை. பாதிக் கேள்வியைத்தான் கேட்டாள். மற்றப் பாதியை எனக்குச் சொல்லித் தந்தது பஞ்சன் என்ற சாம்பல் நிறச் சின்சில்லாவும் அதை வளர்த்த நாகேஸ்வரி அக்காவும். அதை எழுதி அனுப்புகிறேன் என்று திரும்ப எடுத்துச் சொன்னேன். அதுதான் இது.

பேராதனையில் படித்த காலத்தைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. மாடு, ஆடு, கோழி, பன்றி. கடைசியில் கொஞ்சம் நாய், பூனை. பசுவுக்குள் கையை விட்டுக் கன்றின் காலைத் திருப்பப் பழகினேன். அந்தத் திறமையோடு கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து இறங்கினால், அங்கே மாடு எங்கே இருக்கிறது? டொக்டர் ஜெரோம் என்னைத் தன் கிளினிக்கில் சேர்த்துக்கொண்டார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். மூன்று பாஷையிலும் பகிடி விடுவார். முதல் நாள் என்னைக் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது.

“மாட்டைத் தவிர வேற என்ன தெரியும்?”

“நாய், பூனை தெரியும் சேர்.”

“மனுசரைத் தெரியுமோ?”

நான் முழித்தேன்.

“பரவாயில்ல பிள்ளை, பழகலாம். ஆனா கூடக் கடிக்கிறது அவங்கதான்.”

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டில் வளரும் பிராணி எதுவானாலும், கிளியோ முயலோ, அதன் சொந்தக் கூட்டோடுதான் கிளினிக்குக்குக் கொண்டுவர வேண்டும். பெட்டியில், கூடையில் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். காரணம், கூடு எவ்வளவு பெரிது என்று கேட்டால் சொந்தக்காரர்கள் மீன் பிடித்தவர்கள் மாதிரிக் கையை அகல விரிப்பார்கள். கூடு கண்முன்னால் இருந்தால் யாரும் கையை விரிக்கத் தேவையில்லை. ஓட்டோவுக்குள் கூடு அடங்காது என்று யாராவது சொன்னால் அவருக்குச் சந்தோஷம் பிடிபடாது. “அப்ப நல்லது, போட்டோ எடுத்துக்கொண்டு சும்மா வாங்க” என்பார். கூடு லேசாக ஓட்டோவிலிருந்து இறங்கினால், நோய் என்னவென்று அப்போதே தெரிந்தவர் மாதிரி என் காதுக்குள் குசுகுசுப்பார்.

“அந்தா, வருத்தம் வந்து இறங்குது.”

இதை அவர் ஒரு சட்டமாகவே வைத்திருந்தார். ஓட்டோவுக்குள் அடங்குகிற கூட்டில் ஒரு சீவன் ஆயுள் முழுக்க இருக்க முடியாது, ஓட்டோக்காரனே பின்னேரமானால் இறங்கி வீட்டுக்குப் போகிறான் என்பார்.

கூடு வந்தவுடன் பிராணியைத் தொடமாட்டார். கஞ்சி போட்ட சேர்ட்டோடு நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, கூட்டுக்குள்ளால் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார். தண்ணீர்ப் போத்தலின் நுனி, கம்பியில் பல் பட்ட இடம், அடித்தட்டில் எந்த மூலை தேய்ந்திருக்கிறது, புழுக்கை பெரிதா சிறிதா, காய்ந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சொந்தக்காரர் கதை சொல்லிக்கொண்டே இருப்பார். இவர் “ம்... ம்...” என்பார். கதை முடிகிற நேரம் இவருக்கு முக்கால்வாசி விஷயம் தெரிந்திருக்கும். நானும் பக்கத்தில் சீலையை ஒதுக்கிக்கொண்டு உட்காரப் பழகினேன். இன்றைக்கும் முழங்கால் அதற்காக என்னைத் திட்டுகிறது.

பிறகு கொழும்பில் ஏசி வைத்த வீடுகள் பெருகப் பெருகச் சின்சில்லாவும் வரத் தொடங்கியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தென் அமெரிக்காவின் குளிர் மலைகளைச் சேர்ந்த பிராணி. முயல்குட்டி அளவு உடம்பு, அணில் வால், எலிக்காது, உருண்டைக் கண். அதன் மயிரைப் போல மெதுவான ஒன்றை நான் தொட்டதில்லை. தண்ணீரில் குளிக்காது. மாப் போன்ற மண்ணில் உருண்டு குளிக்கும். நம்முடைய வெயில் அதற்கு எமன். இரவும் பகலும் அறை குளிராக இருக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து ஆளின் நெஞ்சு உயரத்துக்குப் பாயும். அப்படிப் பாய்வதற்கென்றே செய்த கால்கள். அதைக் கிளிக்கூட்டில் வைப்பது குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டச் சொல்வதுதான்.

பெரிய கூடு மட்டும் போதும் என்றும் நினைக்கக்கூடாது. புறக்கோட்டையில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்த ஒரு முதலாளி கால் முறிந்த சின்சில்லாவோடு வந்தார். “கூடு லொறியில ஏத்தினாலும் வராது டொக்டர்” என்று பெருமையோடு போட்டோவைக் காட்டினார். அலுமாரி உயரக் கூடு. உள்ளே உச்சியில் ஒரு தட்டு, அடியில் வெறும் கம்பி வலை, நடுவில் ஒன்றுமில்லை. உச்சியிலிருந்து விழுந்திருக்கிறது.

ஜெரோம் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மாடி வீடு கட்டிட்டு, படி கட்ட மறந்திட்டீங்க முதலாளி.”

அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் போனவுடன் தன் கையாலேயே பலகைத் தட்டுகள் அடித்தார். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், தவறினாலும் ஒரு முழத்துக்கு மேல் விழாதபடி. அடியில் கம்பியை மூடிப் பலகை போட்டார். கம்பியில் நின்றால் பாதம் புண்ணாகும். கால் கொஞ்சம் வளைந்துதான் பொருந்தியது என்றாலும் அந்தப் பிராணி நெடுநாள் இருந்தது.

இனிப் பஞ்சன்.

ஒரு மழைக்காலக் காலையில் நாகேஸ்வரி அக்கா கூட்டை மடியில் வைத்தபடியே ஓட்டோவிலிருந்து இறங்கினார். மடியில்! ஜெரோம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பின்னால் குடையோடு அவருடைய கணவர் சிவபாதம் அண்ணை, வங்கியில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில், மகன் வாங்கிய அடுக்குமாடிப் பிளாற்றில் இருந்தார்கள். அவர்கள் ‘தம்பி’ என்று கூப்பிடும் மகன் ரமணன் மெல்பேர்ணில். வேலை விஷயமாகக் குடும்பத்தோடு இரண்டு வருஷம் கொழும்பில் வந்து இருந்தபோது தன் மகளுக்கு இந்தச் சின்சில்லாவை வாங்கிக் கொடுத்திருக்கிறான். திரும்பிப் போகும்போது கொண்டுபோக முடியவில்லை, ஒஸ்ரேலியாவுக்குள் இதை விடமாட்டார்கள். பஞ்சன் இவர்களிடமே நின்றுவிட்டான்.

கூட்டை மேசையில் வைத்தவுடன் அறை முழுக்கக் கோயில் வாசம். ஜெரோம் மூக்கைச் சுருக்கினார்.

“அக்கா, இவர் பூசைக்குப் போய்ட்டு வாறாரோ?”

அக்கா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. “குளிக்கிற மண் முடிஞ்சு போச்சு டொக்டர். கடையில கேட்டா இல்லையாம். அதுவும் சாம்பல் மாதிரித்தானே இருந்தது? திருநீறு சுத்தமான சாமான் எண்டு ஒரு தட்டில போட்டு வச்சனான். உருண்டு உருண்டு குளிச்சவன்.”

“அதான் முகத்தில பக்தி தெரியுது” என்றார் ஜெரோம்.

“நான் வேண்டாம் எண்டனான். இவ கேக்கேல்ல” என்று சிவபாதம் அண்ணை குடையைப் பார்த்துச் சொன்னார்.

வாசனை போட்ட திருநீறு தும்மல் வரவைக்கும், கண்ணை எரிக்கும், நிறுத்தச் சொன்னோம். ஆனால் அவர்கள் வந்தது அதற்காக அல்ல. பஞ்சனின் தலையிலும் கழுத்திலும் மயிர் சிங்கத்துக்குப் போல அடர்ந்து நின்றது. அதற்குக் கீழே விலாவும் முதுகும் கத்தரித்து விட்டாற்போல் கட்டையாக இருந்தன. பல்லைப் பார்த்தோம், நேர். தோலைச் சுரண்டிப் பார்த்தோம், பூஞ்சணமும் இல்லை, உண்ணியும் இல்லை. சாப்பாடு நல்ல காய்ந்த புல். எடை மட்டும் குறைந்திருந்தது. வாய் எட்டும் இடமெல்லாம் மொட்டை, எட்டாத இடமெல்லாம் மயிர். தன் மயிரைத் தானே கடித்துத் தின்கிறது. அது எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“அக்கா, இந்தக் கூட்டிலதான் முந்தியும் இருந்தவனோ?” என்று கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை. பிள்ளையள் இருக்கேக்க பெரிய கூடு. தம்பின்ர அறையில வச்சிருந்தவை. அவை போன பிறகு எங்கட சின்ன அறைக்கு மாத்தினது. அது கொள்ளேல்ல. பெரிசை ஆருக்கோ குடுத்திட்டம்.”

“அப்ப தம்பின்ர அறையில இப்ப ஆர்?”

“ஒருத்தருமில்லை. தம்பி வந்தாப் படுக்கிறதுக்கு.”

வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள பிளாற்றுகளில் நல்ல அறை ஒன்று பூட்டிக் கிடக்கும். பெரிய ஏசி, புதுக் கட்டில், பொலித்தீன் பிரிக்காத மெத்தை. தாய் தகப்பன் ஒடுங்கிய அறைக்குள் இருப்பார்கள்.

அன்று பின்னேரம் ஜெரோமும் நானும் வீடு பார்க்கப் போனோம். அவர்களுடைய அறையில் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, ஒரு தையல் மெஷின். பஞ்சனின் கூடு மெஷினுக்கு மேல். அக்கா கட்டிலில் இருந்து இறங்க வேண்டுமென்றால் அண்ணை முதலில் எழும்பிக் கதவோரம் நிற்கவேண்டும். பஞ்சனுக்காக அந்த அறையிலும் ஒரு பழைய ஏசி பொருத்தியிருந்தார்கள். அது ரயில் மாதிரி இரைந்தது. தம்பியின் அறைச் சாவி அக்காவின் இடுப்பில் ஊசி குத்தித் தொங்கியது. வெள்ளிக்கிழமைகளில் திறந்து தூசி தட்டி, ஏசியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி பூட்டுவாராம்.

நான் சுற்றி வளைக்கவில்லை. “அக்கா, இவனுக்கு மருந்து அந்த அறைதான். அங்க ஒரு பெரிய கூடு போடுங்கோ. இல்லையெண்டா இவன் மயிரை விட்டிட்டுத் தோலைக் கடிக்கத் தொடங்குவான். பிறகு காப்பாத்தேலாது.”

அக்காவின் முகம் மாறியது. “அவன் களைச்சு விழுந்து வந்து எலி நாத்தத்துக்குள்ள படுக்கிறதோ?”

“கடைசியா எப்ப வந்தவர்?”

கேட்டிருக்கக்கூடாது. ஆனால் எனக்கு வாய் அடங்காது. ஜெரோம் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“அப்ப வேற வீட்டுக்குக் குடுப்பமா அக்கா? பெரிய இடமுள்ள ஆக்கள் இருக்கிறாங்க.”

“ஐயோ, வேண்டாம்.” அக்கா கூட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். “இதொண்டுதான் அவையள் விட்டிட்டுப் போனது. நான் சமைக்கேக்க, தைக்கேக்க எல்லாம் இவனோடதான் கதைக்கிறனான். இந்த மனுசன் பேப்பருக்குள்ள தலையை விட்டா வெளிய எடுக்காது.”

கொடுக்கவும் மாட்டார், அறையைத் திறக்கவும் மாட்டார். கல்லில் நார் உரிக்கிற வேலை என்று எனக்குள் பொருமினேன். ஜெரோம் வாதாடவில்லை. “ஒரு மணித்தியாலம் மட்டும் திறந்து விடுங்க அக்கா. கூடு வேணாம். அவன் ஒருக்கா நடந்து பாக்கட்டும். நான் கூட்டித் துடைச்சுத் தாறன்” என்றார். அவ்வளவு பெரிய டொக்டர் கூட்டித் துடைத்துத் தருகிறேன் என்றால் யாழ்ப்பாணத்துத் தாய் எப்படி மறுப்பார்?

சாவி வந்தது. கதவைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசம். ஜெரோம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். வயர்களைக் கழற்றிச் சுற்றி மேலே வைத்தார். பாத்ரூம் கதவைச் சாத்தினார். கட்டிலுக்கு அடியை மடித்த போர்வையால் அடைத்தார். அறை குளிரும்வரை காத்திருந்தார். பிறகு கூட்டைக் கொண்டுவந்து நிலத்தில் வைத்து வாசலைத் திறந்துவிட்டு, எங்கள் எல்லோரையும் சுவரோரமாக நிலத்தில் இருத்தினார்.

“ஒருத்தரும் பிடிக்க வேணாம். பயந்தா மயிர் கையோட கழண்டு வந்திரும்.”

பஞ்சன் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தவன் மீசையை ஆட்டியபடி நின்றான். நாலு எட்டு வைத்தான். பிறகு ஒரு பாய்ச்சல்! கட்டில் தலைமாட்டுக்கு ஏறி, அங்கிருந்து சுவரில் கால் உதைத்து, காற்றிலேயே திரும்பி மெத்தையில் விழுந்து, மறுபடி சுவர், மறுபடி கட்டில். அறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். சிவபாதம் அண்ணை சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினார். அக்கா வாயில் சீலைத் தலைப்பை வைத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

“இஞ்சேருங்கோ, இவன் இப்பிடிப் பாய்வான் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே!”

இனி வழிக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. பஞ்சனைக் கூட்டில் அடைத்து, மெத்தையைத் தட்டி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் குத்திக்கொண்டார். தேத்தண்ணி தந்தார். நாங்கள் குடித்துவிட்டு இறங்கினோம். படியில் நான் புறுபுறுத்தேன். “கோவிக்காத பிள்ளை, அவங்களுக்கு அது வெறும் அறை இல்ல” என்றார் ஜெரோம்.

சில நாள் கழித்து அக்கா தனியாகக் கிளினிக்குக்கு வந்தார். உட்காரவில்லை.

“டொக்டர் பிள்ளை, கூடு எவ்வளவு பெரிசு செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ.”

எனக்கு வாயெல்லாம் பல். “அப்ப மனம் மாறிட்டுதோ அக்கா?”

“தம்பியைக் கேட்டனான். உன்ர அறைக்குள்ள பஞ்சனை விடட்டோ எண்டு. ‘விடுங்கோ அம்மா, எனக்கென்ன, நான் வந்தா ஹோட்டல்லயும் நிப்பன்தானே’ எண்டான்.” சீலைத் தலைப்பை இழுத்துச் சொருகினார். “அவன் வேண்டாம் எண்டு சொல்லுவான் எண்டெல்லோ நினைச்சனான்.”

நான் எழும்பிப் போய் அவர் கையைப் பிடித்தேன். அன்றைக்கு எனக்கு வேறு மருந்து தெரியவில்லை.

கூட்டை மருதானையில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்வித்தோம். அளவைக் கேட்ட பட்டறை பாஸ் சிங்களத்தில், “மேக மொன சத்தாட்டத மிஸ்?” என்று கேட்டார். எந்த மிருகத்துக்கு என்று அறிய அவருக்கு ஆசை, கரடிக்கென்று நினைத்திருப்பார். போனில் பஞ்சனின் படத்தைக் காட்டினேன். “மே மீயாட்டத?” இந்த எலிக்கா என்று பட்டறை முழுக்கச் சிரித்தது. ஆனால் வேலை சுத்தம். ஒரு சுவரை முழுக்கப் பிடித்த கூடு, அகலப் பலகைத் தட்டுகள் படிப்படியாக, ஒளிந்துகொள்ள மரப்பெட்டி, அடியில் பலகை. துண்டு துண்டாகக் கொண்டுவந்து அறைக்குள் வைத்துத்தான் பொருத்த முடிந்தது. தம்பியின் புதுக் கட்டில் இடம் பிடித்ததால் அதைக் கழற்றி யாரோ உறவினருக்குக் கொடுத்தார்கள். இரண்டு அறையிலும் ஏசி ஓட்டினால் கரண்ட் பில் என்னாவது என்று சிவபாதம் அண்ணை கணக்குப் பார்த்தார். பார்த்துவிட்டு, தங்கள் கட்டிலையும் பெரிய அறைக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அக்கா ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாராம். பிறகு யன்னல் திரையை விலக்கினால் கட்டிலில் இருந்தபடியே கடல் தெரிகிறது என்று எனக்குக் கோல் எடுத்துச் சொன்னார்.

மயிர் உடனே முளைக்கவில்லை. முதல் மாதம் பஞ்சன் இன்னும் கடித்தான்; பழகிப்போன கெட்ட பழக்கம் இடம் மாறினவுடன் போய்விடாது. ஜெரோம் போகும் போதெல்லாம் நிலத்தில் இருந்து பார்த்துவிட்டு, “பொறுங்க, பொறுங்க” என்பார். மெல்ல மெல்ல விலாவில் சாம்பல் பூத்தது. ஒருநாள் அக்கா கொண்டுவந்து காட்டும்போது எங்கே கடித்தது என்று தேடவேண்டியிருந்தது. அன்று கிளினிக்கில் எல்லோருக்கும் அவர் செய்த பயற்றம் பணியாரம்.

இவ்வளவும் ஆன பிறகு ரமணன் வந்தான். தனியாக, பத்து நாள் லீவில். ஹோட்டலில் நிற்கத்தான் நினைத்திருக்கிறான். அக்கா விடுவாரா? ஆனால் பெரிய அறையில் இடம் ஏது? சின்ன அறையில் பழைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றைக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அவன்தான் அந்த முறை பஞ்சனைப் பல் பார்க்கக் கொண்டுவந்தான். பயணக் கூடையில்தான், பெரிய கூட்டை எப்படித் தூக்குவது! பார்த்து முடிந்து, கூடையை மூடிக் கொடுத்த பிறகும் அவன் போகவில்லை. நல்ல உயரமான பிள்ளை. வாங்குப் பலகையில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

“டொக்டர், ஒண்டு கேக்கட்டோ?” என்றான். “அந்த அறையில நான் காலை நீட்டினாச் சுவர் முட்டுது. ரெண்டு பேர் இருந்தா ஒராள் எழும்பினாத்தான் மற்றாள் நடக்கலாம். அம்மாவும் அப்பாவும் ஏன் அதுக்குள்ள இவ்வளவு காலமும் கிடந்தவை? நாங்கள் போன பிறகு பெரிய அறை சும்மாதானே இருந்தது?”

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் போய்விட்டது. அவனுக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

“சும்மா இருக்கேல்ல தம்பி,” என்றேன். “நீங்கள் வருவீங்கள் எண்டு வச்சிருந்தவை.”

அவன் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழத் தொடங்கினான்.